ஒச்சம்மாள் கொழித்தெடுத்த கல்

ஒச்சம்மாளுக்குக் கோபம் வந்தால் டி. கல்லுப்பட்டிக்கு வருகிற பஸ் கப்பலூரிலேயே திரும்பிவிடும் என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு தடவை திரும்பியிருக்கிறது. அந்தப் புதன்கிழமை காலையில் வந்த கோபத்துக்கு ரயிலே திரும்பியிருக்கும். நல்லவேளை, அந்தப் பக்கம் ரயில் கிடையாது.

காரணம் முட்டை. கோழிக் கூண்டுக்கு முன்னால் உருண்டு வந்து கிடந்த முட்டையை அவள் எடுத்தாள். எடுத்தாள் என்பதுகூடப் பெரிய வார்த்தை. விரல் பட்டது, அவ்வளவுதான். ஓடு அப்பளமாய் நொறுங்கி மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்தது. அடுத்தது ஓடே இல்லாத தோல்முட்டை. தண்ணீர் ஊற்றிய பலூன் போலத் தொளதொளவென்று உள்ளங்கையில் உட்கார்ந்தது. மூன்றாவது முட்டையின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது, கீறல் விழுந்தது. அப்படியொன்றும் குண்டு ஈயும் இல்லை.

"ஏ ஒச்சு, கோழி யாவாரி அருள்பாண்டிட்டச் சொல்லிட்டேன்" என்றார் அவள் கணவர் பால்பாண்டி, கொட்டகை வாசலில் நின்றபடியே. உள்ளே வர அவருக்கு இன்னொரு உயிர் வேண்டும். "ஞாயித்துக்கெழம வண்டியோட வாரேன்னுட்டான். அம்புட்டையும் கறிக்கு ஏத்திவிட்ருவோம். கெழட்டுக் கோழிய வச்சுக்கிட்டு என்னத்தச் செய்ய?"

"எது கெழடு? ஒண்ணர வயசு இன்னும் முடியல. இதுகள லாரியில ஏத்தணும்னா, ஒன்னய எந்தக் காலத்துலயோ ஏத்தியிருக்கணும்யா!"

"கொட்டகைய டைல்ஸ் கடைக்காரரு குடோனுக்குக் கேக்குறாரு. நிம்மதியா வாடகைய வாங்கிட்டு இருக்கலாம்ல?"

ஒச்சம்மாள் கையில் வழிந்த முட்டையைப் புடவையில் துடைத்தாள். கோழி போனால் கொட்டகை போகும். கொட்டகை போனால் அவள் மறுபடி யாரோ ஒருவர் வயலில் குனிந்து களை பிடுங்க வேண்டும். வரப்பில் குடை பிடித்து நிற்பவன் "ஏ, வெரசாப் பிடுங்கு" என்பான். இருபத்தைந்து வருடம் அதைக் கேட்டாயிற்று. இந்த இரண்டாயிரம் கோழிகளுக்கு நடுவே மட்டும்தான் அவளை யாரும் ஏவ முடியாது. ஏவுகிறவள் அவள். கோழிகள்கூட அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொக்கரிக்கும்.

அவளுக்குக் குற்றவாளி யார் என்பதில் துளியும் சந்தேகம் இல்லை. மதுரையில் ஆனையூர்ப் பக்கம் இருக்கிற தீவன மில். தீவனத்தில் கல்லைப் போட்டு எடை ஏற்றுகிறார்கள்!

கல் விஷயத்தில் ஒச்சம்மாளிடம் யாரும் விளையாட முடியாது. அந்தக் காலத்தில் அவள் ஆத்தாளுக்குக் கூலி நெல் அளந்து போட்டவர்கள் கல்லும் பதருமாகச் சேர்த்துத்தான் அளந்தார்கள். கேள்வி கேட்கக் கூடாது. வாங்கி வந்து சுளகில் கொழித்தால் ஒரு பிடி கல் தனியே நிற்கும். அந்தப் பிடியைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் அவள். அவள் வீட்டுச் சோற்றில் இதுவரை ஒரு கல் அகப்பட்டதில்லை. அகப்பட்டிருந்தால் அந்தக் கல் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வெளியே போயிருக்கும்.

ஆகவே சித்திரையில் இந்த மில்லின் தீவனத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் சில்லுகள் கிடக்கக் கண்டதும் அவள் கூச்சல் போடவில்லை. சாட்சி சேர்த்தாள். ஒவ்வொரு மூட்டையையும் சல்லடையில் சலித்து, மேலே நின்றதைச் சுளகில் கொழித்து, மக்காச்சோளத்தைக் கோழிக்குத் திருப்பிப் போட்டு, கல்லை மட்டும் தனிச் சாக்கில் கட்டினாள். சுளகு வீசிய காற்றில் பக்கத்துத் தென்னந்தோப்பில் நான்கு மட்டை விழுந்தது.

ஓடு மெலிய ஆரம்பித்ததும் மில்லுக்குப் போன் போட்டாள். "முட்டை ஓடு மெலிசா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். கல்லைப் பற்றி மூச்சு விடவில்லை; திருடன் உஷாராகிவிடுவான். "சரிக்கா, சரி பண்ணி அனுப்புறோம்" என்றது அங்கே ஒரு பெண் குரல். அடுத்து வந்த மூட்டையில் கல் இன்னும் கூடுதல். அவளும் இன்னும் கூடுதலாகக் கொழித்தாள். ஓடு இன்னும் மெலிந்தது. மறுபடி போன். மறுபடி கல். இப்படியே மூன்று மாதம். சாட்சி ஐந்து மூட்டை சேர்ந்துவிட்டது.

அன்று பத்து மணிக்கு ஐந்து மூட்டையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏறின. டிரைவர் பக்கத்தில் ஒச்சம்மாள் ஏறினாள். மதுரை வரை டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. அந்த வேலையை அவள் வாயே பார்த்துக்கொண்டது.

மில் வாசலில் தீவனம் ஏற்ற வந்த பண்ணைக்காரர்கள் நிறையப் பேர் நின்றார்கள். நல்லதாய்ப் போயிற்று. முதல் மூட்டையை அவிழ்த்து வாசற்படியிலேயே கொட்டினாள்.

"எவன்டா இங்க மொதலாளி? வாங்கடா வெளிய! கோழி வாயில்லாத சீவன்னு கல்லை அள்ளிப் போட்டு ஏமாத்துறீகளே, நாசமாப் போக மாட்டீகளா? பாருங்கய்யா, எல்லாரும் வந்து பாருங்க! அஞ்சு மூட்டை! எங்க ஆத்தா காலத்துல பண்ணையாருக ஒரு பிடி போட்டாங்கெ. நீங்க மூட்டையாவே போடுறீகளா?"

உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் ஓடி வந்தாள். ஷெரின், கால்நடை மருத்துவம் படித்தவள், மில்லில் எந்தத் தீவனத்தில் எது எவ்வளவு என்று முடிவு செய்கிறவள். போனில் பேசிய குரலும் அவள்தான். படியில் கிடந்த குவியலைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது. கோபத்தில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"அக்கா! இத எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஒங்க தீவனத்துலருந்துதான். சலிச்சு எடுத்தேன்!"

"சலிச்சா? யாரு சலிக்கச் சொன்னா? மூணு மாசமா நீங்க போன் பண்ணப் பண்ண, நான் மண்டையப் பிச்சுக்கிட்டு இத ஏத்திக்கிட்டே போறேன். நீங்க அங்க உக்காந்து பொறுக்கிக்கிட்டே இருந்திருக்கீங்களா?"

"கல்லைப் பொறுக்காம கும்பிடச் சொல்றியா?"

"கல்லே இல்லக்கா இது! கிளிஞ்சல்! கடல் கிளிஞ்சல்!"

"யாருகிட்ட..." என்று ஆரம்பித்த ஒச்சம்மாளை விட்டுவிட்டு ஷெரின் உள்ளே போனாள். ஒரு கண்ணாடி டம்ளரில் வினிகரோடு வந்தாள். தரையிலிருந்து ஒரு சாதாரண ஜல்லித் துண்டைப் பொறுக்கி அதில் போட்டாள். அது சும்மா கிடந்தது. பிறகு ஒச்சம்மாளின் சாட்சியிலிருந்து ஒரு வெள்ளைச் சில்லைப் போட்டாள். சோடா பாட்டிலைத் திறந்தாற்போல அதைச் சுற்றிக் குமிழி குமிழியாய்க் கிளம்பியது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. ஒச்சம்மாளும் பார்த்தாள்.

"முட்டை ஓடு இதனாலதான்க்கா ஆகுது. கோழி ராத்திரி தூங்கறப்பதான் ஓடு உருவாகும். பொடியா இருந்தா அதுக்குள்ள வயித்த விட்டுப் போயிரும். அதான் துண்டு துண்டாப் போடுறோம். இரைப்பையில கெடந்து ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். வயசாக ஆகக் கோழிக்கு இது நெறைய வேணும்."

"அப்ப இம்புட்டு நாளா எதவச்சு ஓடு போட்டுச்சுக?"

ஷெரின் குரல் இறங்கியது. "அதோட எலும்பக் கரைச்சுத்தான்."

ஒச்சம்மாள் வாயை மூடினாள். மில் மிஷின் ஓடுகிற சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. கொடுக்க வேண்டியதைக் கொழித்து எடுத்துக்கொண்டு, வேலையை மட்டும் வாங்கியவள் யார்? நினைக்க நினைக்க அவளுக்குப் பண்ணையார் மேல் வந்த கோபமெல்லாம் தன் மேலேயே திரும்பியது. அங்கேயே நின்றிருந்தால் அழுதிருப்பாள். அதற்குள் மில்லின் காலித் தீவனச் சாக்கு ஒன்று கண்ணில் பட்டது, பிழைத்தாள்.

"இது கிளிஞ்சல்னு மூட்டையில எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கே! இங்க பாருங்க."

"இங்கிலீஷுல! என் கோழியும் படிக்கல, நானும் படிக்கல. யாருக்குடி எழுதுன? வெள்ளைக்காரனா முட்டை போடுறான்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஷெரின் அந்தச் சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பண்ணைக்காரர் மெல்ல, "நாங்கூடக் கொஞ்சம் சலிச்சேன் தாயி" என்றார். இன்னொருவர் தலையைச் சொறிந்தார். ஷெரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளையிலருந்து தமிழ்ல போடுறேன்" என்றாள்.

"போடு. பெரிசாப் போடு" என்று சொல்லிவிட்டு, கொட்டியதை ஒரு சில்லு விடாமல் கையாலேயே கூட்டி அள்ளினாள் ஒச்சம்மாள். ஷெரினும் குனிந்து அள்ளினாள். அள்ளும்போதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எவ்வளவு போடவேண்டும், மதியத்துக்கு மேல் போட்டால்தான் ராத்திரிக்குத் தங்கும் என்பதெல்லாம் அந்தத் திட்டுக்கு நடுவேதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அருள்பாண்டி வண்டி நிறையக் காலிக் கூண்டோடு வந்து நின்றான். பால்பாண்டி வாசல் கதவை அகலத் திறந்தார். உள்ளேயிருந்து ஒச்சம்மாள் ஒரு முட்டையோடு வந்தாள்.

"பிடி. நசுக்கு."

அருள்பாண்டி அதை உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தினான். உடையவில்லை. பல்லைக் கடித்து அழுத்தினான். அவன் கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, முட்டை சும்மா இருந்தது.

"இன்னொண்ணு குடுக்கா" என்றான். கொடுத்தாள். இதில் மெல்லிய கீறல் விழுந்தது.

"பாத்தியா?" என்றார் பால்பாண்டி. "முழுசா ஆகல. பேசாம ஏத்திவிடு புள்ள."

"நாலு நாளு!" என்று அவள் போட்ட சத்தத்தில் வண்டி பின்பக்கமாக ஓரடி நகர்ந்தது. "மூணு மாசம் நான் பட்டினி போட்டிருக்கேன். தன் எலும்பக் கரைச்சு எனக்கு முட்டை போட்டுச்சுக. நாலு நாளு தீனி போட்டதுக்கே இம்புட்டுக் குடுத்திருக்குக. இன்னும் என்னய்யா கேக்குற? தப்புப் பண்ணுனவ நானு. என்னய ஏத்து. ஏத்துறியா அருள்பாண்டி?"

அருள்பாண்டி அவளை மேலும் கீழும் பார்த்தான். வண்டி தாங்காது என்று தோன்றியிருக்க வேண்டும். "வேணாம்க்கா, நான் திருமங்கலம் போயிட்டு வாரேன்" என்று சாவியைத் திருகினான்.

டைல்ஸ் கடைக்காரருக்கு என்ன சொல்வது என்று பால்பாண்டி முனகினார். "கோழி இருக்குன்னு சொல்லு" என்றாள். கிளிஞ்சல் வாளியைத் தூக்கி அவர் கையில் திணித்தாள். "நிக்காத. அந்தக் கடைசி வரிசையிலருந்து ஆரம்பி. அங்கதான் இன்னும் தேறல."

பால்பாண்டி முதல் தடவையாகக் கொட்டகைக்குள் வந்தார். தொட்டியில் கிளிஞ்சல் விழுந்ததும் இரண்டாயிரம் அலகுகள் ஒரே நேரத்தில் கொத்தத் தொடங்கின. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்தாலும் அப்படி ஒரு சத்தம் கேட்காது.

"மெதுவாத் தின்னுங்கடி!" என்று அதட்டினாள் ஒச்சம்மாள். "யாரு பிடுங்கப் போறா?"