மத்தியான இடைவெளி

சனி, ஞாயிறுகளில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. மற்ற நாட்களில் வகுப்பு முடிந்ததும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப். வீட்டில் சின்னவள் என்று கூப்பிடப்படும் அந்தப் பெண்ணுக்கு, கல்லூரியில் மூன்றாம் வருடம் தொடங்கியதிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் முன்னாலேயே தலை சாய்ந்துவிடும். “நீ படிக்கப் போறியா, தேயப் போறியா?” என்பாள் அம்மா.

“எதையும் வீணாக்காதே. கடையில கத்துக்கிட்டதை ஆபீஸ்ல காட்டு” என்று கல்லூரியில் துறைத்தலைவி சொல்லியிருந்தார். அதற்கு வாய்ப்பும் தானாக வந்தது. அவள் பில் போடும் அதே கடையில் ஆள் செலவைக் குறைக்க வழி சொல்லும் வேலை அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது.

“மத்தியானத்துல கவுண்டர்ல என்னதான் நடக்குது?” என்று நிறுவனத்தின் கூட்டத்தில் மேலாளர் பொதுவாகக் கேட்டார்.

“ஒண்ணும் நடக்காது சார்” என்றாள் சின்னவள். “ரெண்டு பேர் போதும். மத்தவங்க, சாமான் நகர்ற பெல்ட்டைத் துடைச்சுட்டு உக்காந்திருப்போம்.”

அதுவரை அவள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாத மேலாளர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அன்று வீடு திரும்பும்போது அவளுக்கு அலுப்பே தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, கடைக் கண்காணிப்பாளர் எல்லோரையும் கூட்டிவைத்து, ஆலோசனை நிறுவனம் வகுத்த புது நேரத்தைச் சொன்னார். மத்தியானத்துக்கு இரண்டு பேர் மட்டும்; மற்றவர்களுக்கு இனி வேலை நேரம் காலையில் ஒரு துண்டு, சாயங்காலம் ஒரு துண்டு. “நடுவுல வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்” என்பதை ஏதோ சலுகை போலச் சொன்னார்.

பக்கத்துக் கவுண்டர் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். சின்னவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் கத்தியபோது, குறுக்கே வந்து நின்று அவரை அடக்கியவள் அவள்தான். “போனதும் திரும்பி வர பஸ் பிடிக்கணும். பொண்ணு ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு நான் இங்க நிப்பேன். எவனோ ஏசி ரூம்ல உக்காந்து யோசிச்சிருக்கான் பாரு.”

அந்த யோசனை தன் வாயிலிருந்து போனது என்று சின்னவள் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு அறையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தபோது தன் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தாள்.

“அக்கா, அது நான்தான்.”

அக்கா முதலில் சிரித்தாள். முழுவதையும் கேட்டபின் டப்பாவை மூடினாள். “நாம உக்காந்ததைச் சொன்ன, சரி. எதுக்கு உக்காந்தோம்னு சொன்னியா? காலையிலேருந்து நின்ன காலுடி அது.”

திங்கட்கிழமை மேலாளர் அறைக்குப் போனாள். “சார், அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன்.” வலிக்கும் கால், இரட்டைப் பயணம், வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவரும் தூங்கி நாளாகியிருந்த மாதிரிதான் இருந்தது.

“எனக்குப் புரியாம இல்லம்மா. கடைக்காரங்க கேட்டது வேற. பாக்கறேன்.”

பார்க்கவும் செய்தார். தொலைவிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் நேரத்தை உடைக்கக் கூடாது என்று எழுதினார். கடையும் ஒப்புக்கொண்டது. ஆனால் கடையின் கணக்குப்படி அக்காவின் வீடு பக்கத்தில்தான்; அவளுக்கு அந்தச் சலுகை இல்லை.

“நல்லா கவனிக்கிறே. படிப்பு முடிஞ்சதும் இங்கயே வந்துடு” என்றார் மேலாளர். வருடம் முழுக்க அவள் காத்திருந்த வார்த்தை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். பரீட்சை முடிந்து கடைசியில் சரி என்றுதான் சொன்னாள்.

மேலாளர் அப்படிக் கூப்பிட்ட வாரத்துச் சனிக்கிழமையே கண்காணிப்பாளரிடம் கேட்டு, அக்காவின் சாயங்காலத் துண்டைத் தான் வாங்கிக்கொண்டு, தனக்கு விழுந்திருந்த மத்தியான நேரத்தை அவளுக்குக் கொடுத்தாள். அக்கா நம்பாமல் பார்த்தாள்.

“சரி, வார நாள்ல?”

“தெரியலக்கா.”

“பொண்ணைப் பக்கத்து வீட்ல விட்டுக்கறேன். அவளும் பழகிடுவா.” குரலில் கோபமும் இல்லை, நன்றியும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள். “என் கவுண்டர் பெல்ட்டு ஒரு பக்கமா இழுக்கும். கண்ணாடி பாட்டிலைப் படுக்க வைக்காதே, உருண்டுடும்.”