சபாநாயகரின் ஒற்றை ஓட்டு

எலினெட் பாரி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சபாநாயகர் ஆன நாளிலேயே கட்சியை விட்டுவிட்டாள். விவாதத்தில் பேசுவதில்லை, ஓட்டுப் போடுவதில்லை, உறுப்பினர்களின் தேநீர் அறைப் பக்கம்கூடப் போவதில்லை.

வேல்ஸ் மலையில் கூரைக்கல் வெட்டும் குவாரியில் முப்பது வருஷம் தூசி தின்றவன் அவள் தம்பி குவிலிம். இன்னும் ஆறு மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனைப் போன்றவர்களுக்கு இழப்பீடு தரும் மசோதா அன்று கடைசி வாக்கெடுப்புக்கு வந்தது.

ஓட்டைப் பதிய, ஆதரிப்பவர்கள் ஒரு கூடம் வழியாகவும் எதிர்ப்பவர்கள் மறு கூடம் வழியாகவும் நடந்தார்கள். எண்ணியவர்கள் அவள் முன் வந்து நின்று படித்தார்கள். ஆதரவு இருநூற்று அறுபத்தொன்று. எதிர்ப்பும் அதே.

சமமானால்தான் சபாநாயகருக்கு ஓட்டு. அதுவும் அவள் மனம்போலப் போடுவதல்ல. பெரும்பான்மை கொண்டுவராத மாற்றத்தைச் சபாநாயகர் நாற்காலி கொண்டுவரக் கூடாது என்பது பழைய வழக்கம். அவள் எழுந்து, மசோதாவுக்கு எதிராக வாக்களித்தாள்.

பிறகு இட்ரிஸ் பென்ரி அவள் அறைக்கு வந்தான். மசோதாவை ஆதரித்த புது உறுப்பினன். போனைப் பார்த்தபடி கூட்டத்தோடு எதிர்ப்பவர் கூடத்துக்குள் போய்விட்டானாம். எண்ணியதை அழிக்க முடியாது. ஆகவே மற்றக் கூடத்துக்கும் ஓடி அங்கேயும் எண்ணப்பட்டான். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"என் ஒருத்தனாலதான் மேடம்," என்றான்.

அவன் அங்கே போகாமலிருந்தால் எதிர்ப்பு இருநூற்று அறுபதுதான் என்று அவள் மனம் எண்ணிப் பார்த்தது. தம்பியைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் ஒரு பக்கம் இருந்ததாக ஆகிவிடும்.

"புதுசா வர்றவங்களுக்கு நடக்கிறதுதான்," என்றாள்.

அவன் போனதும் குவிலிமை அழைத்தாள்.

"டிவில பாத்தேன். அந்த அங்கி உனக்கு ரெண்டு சைஸ் பெருசு," என்றான். சிரிக்கப் போய் இருமினான். "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் அந்த வழக்கத்தை மீறியிருந்தா?"

"அப்புறம் அங்க என் பேச்சை யாரு கேப்பா?"

"நான் கேட்டிருப்பேன்."

மசோதா மறுபடி எப்போது வரும் என்று பிறகு அவனே கேட்டான். குறைந்தது ஒரு வருஷம் ஆகும் என்றாள். மறுமுனையில் இருமல் தொடங்கியது. அது அடங்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.