விடுபட்ட ஒரு ‘தீடாக்’

பரீட்சைக்கு இரண்டே நாள் இருக்கும்போதுதான் வள்ளிநாயகி அந்தத் தவற்றைக் கண்டாள்.

அது 1993. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் வீடியோ பிரிவில் அவளுக்கு வேலை. தபால் வழியாகப் படிக்கிறவர்களுக்கு விரிவுரைகளை டேப்பில் பதிந்து அனுப்புவார்கள். முந்தின வருடம் சுவா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து திருநாவுக்கரசு என்பவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவர். பதினான்கு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து காது போய்விட்டதாம். புரொபசர் நேரே பார்த்துப் பேசும்வரை உதட்டை வைத்துப் புரிந்துகொள்கிறேன், பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை, அதனால்தான் தாவரவியலில் தோற்றேன் என்று எழுதியிருந்தார். புகாராக இல்லை. டேப்போடு பேச்சை எழுதியும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

படத்திலேயே எழுத்துப் போடலாமே என்றாள் வள்ளிநாயகி. வெளியே கொடுத்தால் ஒரு வருடம் இழுக்கும் என்றார் பிரிவுத் தலைவர் ராமகிருஷ்ணன். புரொபசர்களின் பெயரைத் திரையில் காட்டுவதற்காக வாங்கிய எழுத்து மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது. அதை வைத்து நாமே செய்வோம் என்று அவள் விடாமல் கேட்டாள். அவர் சம்மதித்தார். ஆனால் ஒன்று சொன்னார்: “படிக்கிறவங்க இத நம்பித்தான் பரீட்ச எழுதுவாங்க. தப்பு வந்துச்சுன்னா மேல இருக்கவங்க நிறுத்தச் சொல்லிருவாங்க, பாத்துக்க.”

மலாயில் நடக்கும் விரிவுரையைக் காதில் மாட்டிக் கேட்டு, நோட்டில் எழுதி, மெஷினில் தட்டி, டேப் ஓட ஓட ஒவ்வொரு வரிக்கும் பித்தானை அமுக்க வேண்டும். ஒரு வரி பிந்தினால் மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டு டேப்புக்கு அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

கடைசி டேப் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து, வேறொரு பிரதி எடுப்பதற்காக நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஐந்தாவது டேப்பில் அவள் கை நின்றது. இலை உணவு தயாரிக்கும் இரண்டாம் கட்டத்துக்கு வெளிச்சம் தேவையில்லை என்று புரொபசர் சொல்கிறார். நோட்டில் ‘தீடாக்’ இருந்தது, மலாயில் ‘இல்லை’ என்கிற சொல். திரையில் இல்லை. அந்த ஒரு சொல் போனதில், வெளிச்சம் தேவை என்று ஆகிவிட்டிருந்தது. போன வருடத் தாளிலும் இதே கேள்வி. மற்றவர்கள் காதால் கேட்டுக்கொள்வார்கள், திருநாவுக்கரசுக்கு எழுத்துத்தான் எல்லாம்.

தோட்ட ஆபீசுக்குப் போன் பண்ணலாம். ஆனால் அங்கே கணக்கெழுதும் கிராணி கேட்டு, இன்னொருவரிடம் சொல்லி, அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதற்குள் இருக்கிற ஒரு சொல்லும் கெட்டுப்போகும். தபாலுக்கு நாளில்லை. ராமகிருஷ்ணனிடம் போய் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நாளைக்கு லீவு எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்லு என்றார்.

மறுநாள் சிரம்பானுக்கு வந்து, பஸ் மாறி, சுவாவுக்குப் பிரியும் சிம்பாங்கில், அந்தச் சந்தியில், இறங்கினாள். நல்ல வெயில். தோட்டத்துக்குள் போன ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர், என்னாலே இன்னொருமுறை தோற்றுவிட்டால் என்ற நினைப்பு விடவில்லை.

திருநாவுக்கரசின் அம்மா மாரியம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வள்ளிநாயகி யாரென்று சொன்னதும் ஈரக் கையோடு உள்ளே போய் மகனின் தோளைத் தட்டி அழைத்து வந்தார். முப்பது வயதிருக்கும். வேலை முடிந்து குளித்த தலை இன்னும் காயவில்லை.

வள்ளிநாயகி பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஐந்தாவது டேப், தீடாக் விட்டுப்போச்சு, தப்பு என்னுடையது என்று எழுதி நீட்டினாள்.

அவர் படித்தார். பிறகு சற்று உரத்த குரலில், “தெரியும்லா அக்கா” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

“அந்த எடத்துல புரொபசர் நேரா பாத்துத்தான் பேசுறாரு. வாயி தீடாக்குன்னு சொல்லுது, எழுத்துல இல்ல. ரெண்டுல எது சரின்னு புத்தகத்த எடுத்துப் பாத்தேன். வாயிதான் சரி.”

வள்ளிநாயகி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனதில் கண் கலங்கிற்று. மாரியம்மா என்னவோ ஏதோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தெரிந்தும் ஏன் எழுதவில்லை என்று காகிதத்தில் கேட்டாள்.

திருநாவுக்கரசு தலையைச் சொறிந்தார். உள்ளே போய், ஒட்டிய ஸ்டாம்போடு ஒரு கடித உறையைக் கொண்டுவந்தார். எழுதி இரண்டு வாரமாகிறதாம். “குத்தம் சொன்னா எழுத்துப் போடுறதையே நிறுத்திருவாங்களோன்னு பயம். எனக்கு இது வேணும் அக்கா. மொத தடவையா புரொபசர் சொன்ன ஜோக்குக்கு நானும் சிரிச்சேன்.”

உறையைப் பிரித்தாள். ‘தீடாக்’ மட்டுமில்லை, இன்னும் நான்கு இருந்தன. ஏழாவது டேப்பில் வரி வேகமாக ஓடுகிறது, பலகையில் படம் வரையும்போது எழுத்து அதை மறைக்கிறது, இப்படி. எல்லாமே நியாயமான குறைகள். பிழை பார்க்க இவரைவிடப் பொருத்தமான ஆள் பல்கலைக்கழகத்திலேயே கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது.

மாரியம்மா சாப்பிடாமல் விடவில்லை. நெத்திலிச் சம்பலும் முருங்கைக்கீரையும். நேற்று மதியத்திலிருந்து சரியாகச் சாப்பிடாதவள் இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டாள். திருநாவுக்கரசு பக்கத்தில் உட்கார்ந்து, நாளைப் பரீட்சையில் என்னென்ன வரும் என்று தானே சொல்லி, தானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கடிதத்தை ராமகிருஷ்ணனின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டுமுறை படித்தார். நிறுத்துவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தப்பான டேப்பைத் திருத்தி எல்லாருக்கும் அனுப்பச் சொன்னார். அடுத்த பாடத்துக்கு எழுத்துப் போட்டதும் முதல் பிரதி சுவாவுக்குப் போகட்டும், அவர் பார்த்துச் சரியென்ற பிறகு மற்றவர்களுக்கு அனுப்பலாம் என்றார்.

திருநாவுக்கரசு அந்த வருடம் தாவரவியலில் தேறினார். முடிவு வந்த வாரம் வள்ளிநாயகி விலங்கியலின் மூன்றாவது டேப்புக்கு எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.