இடது பக்கம் உட்கார்ந்துவிட்டது

இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது வண்டி, யாரோ இப்போதுதான் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மடியில் சொருகிக்கொண்டு, போலாங்க என்று சொல்லப்போகிற மாதிரி, ஆனால் பின் இருக்கையில் யாரும் இல்லை, ஒன்பது மாதமாக அந்தத் தகரக் கொட்டகையில் யாரும் இல்லை, வேப்பங்கொட்டையும் அணில் இருக்கையிலிருந்து பிய்த்துப் போட்ட பஞ்சும்தான் கிடக்கின்றன, நான் சமையலறை ஜன்னலில் காப்பியை ஆற்றியபடி பார்க்கிறேன், பார்க்கக் கூடாது என்று தினமும் நினைத்துத் தினமும் பார்க்கிறேன், மெக்கானிக்குகளின் பேச்சில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, ஸ்பிரிங் வலுவிழந்துபோனால் தளர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டார்கள், உட்கார்ந்துவிட்டது என்பார்கள், இடது பக்கம் உக்காந்துடுச்சு சார் என்று மெக்கானிக் ஆரோக்கியம் முதன்முதலில் சொன்னபோது என் மனைவி வசுமதி அங்கேயே சிரித்துவிட்டாள், நான் உக்காந்தா அதுவும் கூடவே உக்காந்துக்குதா என்று கேட்டாள், அது ஆறேழு வருஷத்துக்கு முன்னால், இன்றைக்கு அவள் இல்லை, உட்கார்ந்தது மட்டும் எழுந்திருக்கவில்லை.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிப்போயிற்று, ஊர் சுற்றும் ஆசை சூம்பவில்லை, விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை நிரந்தரமானதும் செய்த முதல் காரியம் ஒரு பழைய முந்நூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிளை வாங்கி ஆரோக்கியத்தின் பட்டறையில் விட்டதுதான், அவன் பின் சக்கரத்தைக் கழற்றிக் கடாசிவிட்டு லோடு ஆட்டோவின் அச்சைக் கொண்டுவந்து இரண்டு சக்கரம் வைத்தான், எப்போதோ உற்பத்தி நின்றுபோன ஏதோ ஒரு வேனிலிருந்து எடுத்த ஷாக் அப்சார்பர் இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினான், பிரேக்கைக் கைக்கும் கிக்கரை இடது காலுக்கும் கொண்டுவந்தான், பின்னால் சாமான் பெட்டி, அதற்கு முன்னால் சாய்மானத்தோடு அகல இருக்கை, இரண்டு பக்கமும் கால் போட்டு ராணி மாதிரி சாய்ந்துகொள்ளத்தான் அந்த இருக்கை, வசுமதியோ ஸ்கூட்டரில் போகிற பெண்கள் போலப் புடவையோடு ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள், இடது ஓரத்தில், வலது கையை என் இடது தோளில் வைத்துக்கொண்டு, சாய்மானம் எதுக்குடி வெச்சிருக்கு என்பேன், எனக்கு இப்படித்தான் வருது, ஊரு ஓடறத இப்படிப் பாத்தாதான் பாத்த மாதிரி இருக்கு என்பாள், தனுஷ்கோடி போனோம், வால்பாறை போனோம், மகள் தாரணியை அவள் மாமா வீட்டில் விட்டுவிட்டு ஹம்பிவரை போனோம், இருபத்திரண்டு வருஷமும் நான் தார் ரோட்டை மட்டும் பார்த்தேன், இடது பக்கத்து உலகம் முழுவதையும் அவள் பார்த்துச் சொன்னாள், குளத்துல எரும குளிக்குதுங்க, அந்த வூட்ல கல்யாணம்ங்க, அங்க ஒரு பொண்ணு அழுவுதுங்க.

அப்புறம் ஒருநாள், கீழ ஏதோ தட்டுதுங்க என்றாள். டொக்கு டொக்குன்னு தட்டுது, என் சீட்டுக்கு நேர் கீழ, ஆரோக்கியத்துக்கிட்ட ஒருக்கா காட்டுங்களேன், என்றாள், பழைய வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும், உனக்குக் காது ரொம்ப நீளம் என்றேன், எனக்கு அந்த வண்டியைப் பற்றி யாராவது குறை சொன்னால் என் காலைச் சொன்ன மாதிரி சுருக்கென்று கோபம் வரும், மறுபடி சொன்னாள், மறுபடி சொன்னேன், மூன்று வாரம், மாசி மாதம், ஏலகிரியிலிருந்து திரும்புகிறோம், திருவண்ணாமலை தாண்டியாயிற்று, பகல் பதினொரு மணி, வெள்ளைக் கோடு போடாத ஒரு வேகத்தடை, மெதுவாகத்தான் ஏறினேன், சத்தியமாக மெதுவாகத்தான், ஏறி இறங்கும்போது டப்பென்று கேட்டது, இடது பக்கம் பள்ளத்தில் விழுந்த மாதிரி இறங்கித் தூக்கி அடித்தது, என் தோளை யாரோ பிடித்து இழுத்தார்கள், அப்புறம் தோள் லேசாகிவிட்டது, அந்த லேசு இன்னும் போகவில்லை, இதோ இப்போதுகூட இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அண்ணன் ஓடிவந்து எப்படி மாப்ள, எப்படி ஆச்சு என்று உலுக்குகிறார், என் வாயிலிருந்து முதலில் வந்தது எது தெரியுமா, ஒரு பக்கமா உக்காராதன்னு ஆயிரம் தடவ சொன்னேன் மச்சான், புடிக்காம உக்காந்திருந்தா, அவ்வளவுதான், அந்த வார்த்தை என்னைவிட வேகமாக ஊருக்குப் போய்ச் சேர்ந்தது, எடுக்கிறதுக்குள் எல்லோரும் அதையே சொல்லி அழுதார்கள், என் மகளும் சொன்னாள், புடிச்சிக்கிட்டு உக்கார வேண்டியதுதானேம்மா, உனக்கு அப்படி என்ன அலட்சியம் என்று உடம்பைப் பார்த்துக் கத்தினாள், இன்றுவரை அந்தக் கோபம் அவளுக்குத் தீரவில்லை, தாம்பரத்திலிருந்து மாதாமாதம் வருகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், எனக்குக் குழம்பு வைத்து ஃபிரிட்ஜில் அடுக்குகிறாள், அம்மா படத்துக்கு மட்டும் ஒரு முழம் பூ வைக்க மாட்டாள், நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன், அன்று நான் போட்டிருந்த நீலச் சட்டை பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது, இடது தோள் தையல் பிரிந்து, காலர்வரை கிழிந்து, நான்கு விரல் நுழைகிற அகலத்துக்கு.

போன மாதம் தாரணி சொன்னாள், ஒண்ணு அந்த வண்டிய சரி பண்ணுப்பா, இல்ல இரும்புக்குப் போட்டுடு, ரெண்டும் இல்லாம இப்படி அதையே பாத்துட்டு உக்காந்திருந்தா உனக்குப் பைத்தியம் புடிச்சிடும். போட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி பண்றேன் என்று வந்தது. உடைந்த ஷாக்கை, விபத்துக்குப் பிறகு வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஆரோக்கியம் கழற்றி, கிரீஸ் தடவிய துணியில் சுற்றி என்னிடம் கொடுத்திருந்தான், நான் பிரிக்கவில்லை, அதன் இடத்தில் முட்டுக் கொடுத்திருந்த கட்டைமேல்தான் வண்டி இத்தனை நாள் சாய்ந்து நின்றது. நல்லதாக இருந்த வலது பக்கத்தையும் கழற்றச் சொன்னேன், இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்தில் கடை கடையாக ஏறினேன், அப்புறம் புதுச்சேரி, எல்லா இடத்திலும் ஒரே கேள்வி, என்ன வண்டி சார், என்ன மாடல், எதைச் சொல்வது, தலை ஒரு வண்டி, இடுப்பு ஒரு வண்டி, ஷாக் யாருக்குமே பேர் நினைவில்லாத ஒரு வண்டி, ஒரு பையன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு அப்படி ஒண்ணு இல்லியே சார் என்றான், எனக்குச் சிரிப்பு வந்தது, இல்லைதான், ஆனால் வீட்டில் நிற்கிறதே.

கடைசியில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, ஊன்றுகோலோடு புதுப்பேட்டைக்குப் போனேன், கவுஸ் பாய் என்று ஆரோக்கியம் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிக் காட்டி அந்தக் கடையைப் பிடித்தேன், கூரைவரை பம்பரும் கதவும் சைலன்சரும் தொங்குகிற சந்தில், நாற்பது வயது ஆள், காதில் பென்சில், சாம்பிள் கொண்டாந்தியா சார் என்றார், அங்கே மாடல் கேட்பதில்லை, பழைய பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் ஜோடி தேடுவார்கள், நான் பைக்குள் கைவிட்டு வலது பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அமுக்கிப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், இது நல்லாத்தானே கீது, நல்லத எதுக்குத் தூக்கினு வந்தே, உடைஞ்சத குடு என்றார், அது வீட்டில் இருக்கிறது என்றேன், வூட்ல கீதா, அப்ப பையில ணங்குன்னு இடிக்கிறது இன்னா, டிபன் பாக்ஸா என்று சிரித்தார், எனக்கு வியர்த்துவிட்டது, எடுத்துக் கொடுத்தேன், கிரீஸ் துணியை அவர்தான் பிரித்தார், கீழே போல்ட் மாட்டுகிற வளையம் இரண்டாக விட்டிருந்தது, வெளிச்சத்துக்குத் திருப்பிக் கட்டைவிரலால் துடைத்தார், நான் வேறு பக்கம் பார்க்க நினைத்தேன், முடியவில்லை, உடைந்த முகத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளி.

இது ஒரே நாள்ல உடைஞ்சது இல்ல சார், என்றார் கவுஸ் பாய், இந்தக் கறுப்பு பாரு, துரு, இது முன்னாடியே வெடிச்சி தண்ணி எறங்குனது, இந்த வெள்ளைதான் கடைசியா விட்டது, ரொம்ப நாளா சத்தம் குடுத்துருக்கும், டொக்கு டொக்குன்னு, யாரும் சொல்லலியா. சொன்னாங்க, என்றேன். யாரு. வீட்ல சொன்னாங்க. அட, வூட்ல சொல்லியுமா கேக்கல, கேட்டிருந்தா தப்பிச்சிருக்கும் சார் என்றார், ஷாக்கைத்தான் சொன்னார், அவருக்கு வேறு என்ன தெரியும், ஏணிமேல் ஏறிப் போய்விட்டார், நான் அந்தச் சந்தில், டயர் குவியலின் மேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், எனக்குத் தெரிந்திருந்தது, ஒன்பது மாதமும் தெரிந்துதான் இருந்தது, அதனால்தான் துணியைப் பிரிக்கவில்லை, அதனால்தான் நல்லதைச் சாம்பிள் என்று நீட்டினேன். இறங்கி வந்தவர் கையில் ஒரு ஜோடி, ஒரே உயரம், போல்ட் மாட்டுற புஷ் மட்டும் லேத்துல கடைசல் பிடிக்கணும் என்றார், எனக்கு ஒன்று போதும் என்றேன், இடது பக்கம் மட்டும். அதெல்லாம் ஆவாது, ஜோடியில ஒண்ணு பூட்ச்சின்னா இன்னொண்ணையும் தூக்கிறணும் சார், ஒண்டியா நிக்காது என்றார். பழைய வலதை அவரிடமே விட்டுவிட்டேன், உடைந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் எதிர் இருக்கையில் வசுமதி, ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், ரயிலிலும் அப்படியா என்கிறேன், ஜன்னலுக்கு வெளியே செங்கல்பட்டு ஏரி ஓடுகிறது, வழக்கமாகச் சொல்வாளே, கொக்குங்க, படகுங்க என்று, ஒன்றும் சொல்லவில்லை, வலது கையை மூடி வைத்திருக்கிறாள், என்னடி அதுல என்று கேட்டதும் விரித்துக் காட்டுகிறாள், நாலைந்து நீல நூல், ஒரு சட்டைப் பொத்தான், டீக்காரர் மேலே இடித்ததில் விழித்துக்கொண்டேன், எதிரே ஒரு போலீஸ்காரர் தூங்கிக்கொண்டிருந்தார், என் இடது தோளை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

தாரணி வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆரோக்கியம் வந்து மாட்டினான், ஜாக்கியை இறக்கியதும் வண்டி நேராக நின்றது, நூல் பிடித்த மாதிரி, பாருங்க சார், எழுந்துடுச்சு என்றான், எனக்கு அவள் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிப் போனான், நான் ஏறி உட்கார்ந்து இடது காலால் உதைத்தேன், மூன்றாம் உதைக்கு எடுத்துக்கொண்டது, தாரணி துப்பட்டாவை முடிந்துகொண்டே ஓடி வந்தாள், ஒரு ரவுண்டு நானும் வரேம்பா என்று, சுடிதார்தான் போட்டிருந்தாள், இரண்டு பக்கமும் கால் போடலாம், ஆனால் ஏறி ஒரு பக்கமாக உட்கார்ந்தாள், இடது ஓரத்தில், வலது கையை என் இடது தோளில் வைத்தாள், நான் பயப்படாதப்பா, கெட்டியாப் புடிச்சிப்பேன், அம்மா மாதிரி இல்ல என்றாள். நான் எஞ்சினை நிறுத்தினேன். திரும்பாமலே சொன்னேன், அம்மா புடிச்சிக்கிட்டுதாம்மா இருந்தா. என்னது, என்றாள். ஷாக்குதான் விட்டுது, சத்தம் வருதுன்னு மூணு வாரமா சொன்னா, நான் கேக்கல, புடிக்கலன்னு நான் சொன்னது பொய், என் நீலச் சட்டை பீரோவுல அடித்தட்டுல இருக்கு, போய்ப் பாரு. தோளில் இருந்த கை அப்படியே இருந்தது, விரல் விரலாக எடுபட்டது, அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா, என்றாள், கத்தவில்லை, கத்தியிருக்கலாம், நான் அவளப் போட்டுத் திட்டுனேனே, அவ மூஞ்சியப் பாத்துத் திட்டுனேனேப்பா. அவள் இறங்கினாள், வண்டி இடது பக்கம் மேலே எழுந்து நேராயிற்று, உள்ளே போகிற காலடி, பீரோக் கதவு கிறீச்சிடுகிற சத்தம், வேப்பமரத்தில் அணில் ஒன்று கத்திவிட்டு ஓய்ந்தது, நான் கைப்பிடியைப் பிடித்தபடி முன்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், இறங்கவும் தோன்றவில்லை, கிளப்பவும் தோன்றவில்லை, அப்போது பின்னால் புது ஸ்பிரிங் மெதுவாக முனகியது, வண்டி இடது பக்கம் உட்கார்ந்தது, சட்டையைப் பார்த்துவிட்டு மகள்தான் திரும்பி வந்திருப்பாள், மகளாகத்தான் இருக்க வேண்டும், தோளில் கை விழும் என்று காத்திருக்கிறேன், யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.