கை நனையாத பேராசிரியர்

1978ஆம் வருஷம் ஆடிப் பதினெட்டு மத்தியானத்திலிருந்து பேராசிரியர் மணியனைத் தண்ணீர் நனைப்பதில்லை. சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினாறு வருஷமாகக் குடிநீரைப் பற்றிப் பாடம் நடத்தியவர் அவர். அன்றைக்குச் சங்ககிரிப் பக்கமிருந்து பஸ்ஸில் வீடு திரும்பி, கை கால் கழுவக் குழாயடியில் நின்றபோது, விழுந்த தண்ணீர் தோலில் ஒட்டாமல் உருண்டு ஓடியது. சோப்பைப் போட்டுப் பார்த்தார், நுரை வரவில்லை. அவர் மனைவி காளியாத்தாள் ஒரு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றினாள். தரை நனைந்தது, அவள் சேலை நனைந்தது, அவர் காய்ந்தபடியே நின்றார். குடித்த தண்ணீர் மட்டும் உள்ளே போய்த் தாகத்தைத் தணித்தது, அதில் ஒரு குறையும் இல்லை. அந்த வருஷம் மஞ்சள் விலை சரிந்திருந்தது, லாரி டயருக்குத் தட்டுப்பாடு இருந்தது, பேராசிரியருக்கு இப்படி ஆகியிருந்தது. மூன்றையும் ஜனங்கள் ஒரே மூச்சில்தான் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் ஆறு வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்திருந்தது. அவர் தங்கை சௌந்திரத்தைக் கட்டிக்கொடுத்த, சங்ககிரிப் பக்கத்துப் புங்கவலசில் 1972 கோடையில் கிணறுகள் எல்லாம் வற்றி, ஒரே ஒரு உப்புக் கிணறு மிஞ்சியது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்காகும். மணியன் திருச்செங்கோட்டிலிருந்து பூமியைத் துளைக்கிற ரிக் லாரியைக் கூட்டி வந்து, தானே இடம் பார்த்துக் குழாய்க் கிணறு போட வைத்தார். இருநூற்றுப் பத்து அடியில் தண்ணீர் வந்தது. பாட்டிலில் பிடித்துப் போய் உப்பு பார்த்தார், கிருமி பார்த்தார், இரண்டுக்கும் பயமில்லை. ஃப்ளோரைடு என்று ஒன்று உண்டு, நாக்குக்குத் தெரியாது, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதைப் பார்க்கிற மருந்து கல்லூரியில் தீர்ந்திருந்தது, வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். இங்கே ஊரே குடத்தோடு காத்திருந்தது. எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு இரண்டே பெயர், உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. உப்புக் கரிக்காததெல்லாம் நல்லது. அந்த நேரத்தில் அவருக்குப் படித்த படிப்பு பின்னால் போய், பிறந்த ஊர்ப் பேச்சு முன்னால் வந்துவிட்டது. "நல்ல தண்ணிங்க, எல்லாரும் குடிங்க" என்றார். முதல் சொம்பை வாங்கி, தங்கையின் ஒரு வயதுக் குழந்தை பூவாத்தாளுக்குத் தன் கையாலேயே புகட்டினார். மருந்து வந்து சேர்ந்தபோது அவருக்கு வேறு வேலைகள் வந்திருந்தன, புங்கவலசு மறந்துபோயிற்று.

பூவாத்தாளுக்கு ஏழு வயதில் விழுந்து முளைத்த பற்கள் பழுப்புக் கோடுகளோடு வந்தன. முழங்கால்கள் ஒன்றையொன்று இடித்தன. அந்த ஊரில் இன்னும் பதினோரு குழந்தைகளுக்கு அதே கதி. முனியின் குற்றம் என்று சொல்லி, மேச்சேரிக் கிடாய் இரண்டை வாங்கி வந்து வெட்டினார்கள். மணியன் அந்தக் குழந்தையின் பல்லைப் பார்த்த அன்றே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். ஃப்ளோரைடு இருக்க வேண்டியதைப் போல நாலு பங்கு இருந்தது. அதைச் சொல்லத்தான் ஆடிப் பதினெட்டு அன்று புங்கவலசுக்கு வந்தார். சௌந்திரம் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். வந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுக்க வேண்டும், அது வழக்கம். மணியன் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, இந்தத் தண்ணி ஆகாதுங்க. புள்ளைக காலு இதனாலதான் வளையுது. உப்புக் கெணத்துக்கே போயிருங்க."

சௌந்திரத்தின் புருஷன் அர்த்தநாரி சொம்பைப் பார்த்தார். "நல்ல தண்ணின்னு சொன்னது நீங்கதானுங்க மச்சான்."

"நாந்தானுங்க. தப்புப் பண்ணிட்டேன்."

"இது வெளிய தெரிஞ்சா இந்த ஊருப் புள்ளைகளை எவன் கட்டுவான்? எங்க ஊட்டுத் தண்ணி ஆகாதுன்னா, இனி இங்க நீங்க கை நனைக்க வேண்டாமுங்க."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது, வேண்டாம் என்றால் உறவு முறிந்தது. அர்த்தநாரி நினைத்தது அவ்வளவுதான். தண்ணீர்தான் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டது.

அடுத்த எட்டு வருஷம் மணியன் சாம்பலைத் தேய்த்து, துணியால் துடைத்து உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டார். ஐப்பசி மழையில் குடையில்லாமல் கல்லூரிக்கு நடந்து வருவார், சட்டை ஊறியிருக்கும், உள்ளே ஆள் காய்ந்திருப்பார். ஆய்வுக்கூடத்தில் எந்தத் தண்ணீரில் கைவிட்டாலும் ஒரு சொட்டு ஒட்டாது என்பதால் முடிவுகள் சுத்தமாக வருகின்றன என்று துறைத் தலைவருக்குச் சந்தோஷம். கண்ணீரும் தண்ணீர்தானே, அதுவும் கன்னத்தில் தங்காமல் உருண்டு போய்விடும். அதனால் அவர் அழுவது பல நாள் காளியாத்தாளுக்கே தெரியவில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு வாளியிலேயே ஃப்ளோரைடை இறக்குகிற முறையைச் செய்து காட்டப் புங்கவலசுக்கு மூன்று தடவை போனார். ஊர்க்காரர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அந்தத் தண்ணீரை எருமைக்கு வைத்தார்கள். 1978 கடைசியில் கோயமுத்தூர் ரோட்டில் லாரி ஓட்டும் கரீம் பாஷாவிடம் போய் நின்றார். "ரெண்டு கேன்தானே சார், லாரிக்கு என்ன பாரம்" என்றார் பாஷா. வாரம் இரண்டு முறை காவிரியில் பிடித்த தண்ணீர் புங்கவலசுப் பிரிவு மைல்கல்லடியில் இறங்கியது. சௌந்திரம் அதைத் தூக்கிப் போய்க் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். அர்த்தநாரிக்குத் தெரியும், கேட்டதில்லை.

பூவாத்தாளுக்கு அந்தத் தண்ணீர் வந்தது நேரம் கடந்துதான், வளைந்தது வளைந்ததுதான். ஆனால் 1979இல் பிறந்த அவள் தம்பி மயில்சாமி காவிரித் தண்ணீரைத் தவிர வேறு குடித்ததில்லை. அவனுக்கு முன்பற்கள் விழுந்து முளைத்தபோது வெள்ளைவெளேரென்று வந்தன. ஊரில் அவன் வயதில் வேறு யாருக்கும் அப்படி ஒரு பல் இல்லை. வீடு வீடாகக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள், பையனும் சளைக்காமல் காட்டினான். 1986 தை மாதம் ஊர்க்காரர்கள் குழாய்க் கிணற்றின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, உப்புக் கிணற்றைத் தூர் வாரினார்கள். அதே மாதம் பூவாத்தாள் பெரியவள் ஆனாள். தாய்மாமன் இல்லாமல் சீர் செய்ய முடியாது. அர்த்தநாரி சேலத்துக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "சீருக்கு நீங்க வரோணுங்க மச்சான்" என்றார்.

மணியன் பட்டுச் சேலையும் பழத் தட்டுமாகப் போனார். சீர் முடிந்து பந்திக்கு எழுந்தபோது, மாமனுக்கு நானே கைக்கு ஊற்றுவேன் என்று பூவாத்தாள் அடம்பிடித்து, புதுச் சேலையோடு, முழங்கால் இடிக்க இடிக்க, உப்புக் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொண்டு வந்தாள். ஊற்றுவதற்கு முன்னால் கேட்டாள்.

"என்ற காலு இனி நேராவுமாங்க மாமா?"

பந்தி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "ஆவாது சாமி" என்றார் அவர்.

அவள் சொம்பைத் தூக்கிச் சாய்த்தாள். தண்ணீர் விரல் வழியாக உருண்டு மண்ணில் விழுந்தது, கை காய்ந்தே இருந்தது. சொம்பு காலியாகும் வரை ஊற்றிப் பார்த்தாள். "பரவாயில்லீங்க, சோறு ஆறுது, உக்காருங்க" என்றாள். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் அந்த வீட்டில் சாப்பிட்டார். அதற்கப்புறம் மாதம் தவறாமல் வந்தார், ஒரு நாளும் கை நனையவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. பூவாத்தாளுக்கு வரன் அமையவில்லை. மாமன் வருகிற நாளில் எல்லார் இலைக்கும் பக்கத்தில் தண்ணீர் வைப்பாள், அவர் இலைக்குப் பக்கத்தில் மட்டும் சாப்பிட்ட கையைத் துடைக்க ஒரு துண்டையும் மடித்து வைப்பாள்.