உப்பனாற்றில் ஓடும் நிரல்

கடலூர் முதுநகரில் ஓதம் ஏறுவது நிலவினால் அல்ல, லிஸ்ப் மொழியில் எழுதிய ஒரு கம்ப்யூட்டர் நிரலினால். மீனவர் சங்க எழுத்தர் தேவசகாயம் காலையில் அதை ஓடவிடுவார். அது அன்றைய நீர்மட்டத்தைக் கணக்கிடக் கணக்கிட உப்பனாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறும். விடை திரையில் வந்ததும் இறங்கிவிடும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்துவைத்த நிரல்தான். ஆனால் அடைப்புக்குறிகள் வலையில் சிக்கிய நண்டுகளைப் போலப் பின்னிக் கிடந்ததால் முப்பது வருடமாக யாரும் கைவைக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். நடுவில் கரண்ட் போனால் தண்ணீரும் பாதியில் நின்றுவிடும்; படகுகள் மணல்மேட்டுக்கு வெளியே கிடக்க, மீன்மேல் போட்ட ஐஸ் உருகும்.

இந்த ஐஸ் விஷயத்தைப் படகுக்காரர் பாலகுமாரால் தாங்க முடியவில்லை. சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தங்கை இலக்கியாவிடம், கரண்ட் போவதற்குள் அது ஓடி முடியும்படி செய்துகொடு என்றார். அண்ணன் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. ஒரு மழைக்காலம் முழுக்க அவள் அதிலேயே கிடந்தாள். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்ட இடங்களில் விடையை நினைவில் வைக்கச் செய்தாள். வழக்கொழிந்த கட்டளைகளுக்குப் பதில் புதியவை எழுதினாள். ஓர் எண்ணை வாங்கி, சும்மா சுற்றிவிட்டு, அதே எண்ணைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு துண்டைச் சிரித்தபடியே நீக்கினாள். சோதனைகள் எல்லாம் சரியான விடையைத் தந்தன.

மறுநாள் தேவசகாயம் புதிய நிரலை ஓடவிட்டார். கடல் ஒரே மூச்சில் ஏறி, பாலகுமாரின் படகு மணல்மேட்டைத் தாண்டுவதற்குள் இறங்கிவிட்டது. படகு சாய்ந்து உட்கார, பின்னாலிருந்து அலைகள் மோதத் தொடங்கின. அவர் போன் செய்தார்.

“பாப்பா, நீ வேகமாக்கிட்ட, நான்தான் மெதுவா வந்துட்டேன். படகு மணல்ல குந்திக்கிட்டிருக்கு. இன்னும் நாலு அலை அடிச்சா பொளந்துடும்.”

“அண்ணே, லைன்லயே இரு.”

சும்மா சுற்றிய அந்தத் துண்டுதான் ஏறிய கடலை இறங்கவிடாமல் நிறுத்திவைத்திருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. உடனே திருப்பி வைத்தாள். ஆனால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் புதிய கம்பைலர் அதை வீண் வேலை என்று தானாகவே தூக்கிப் போட்டது. எனவே அந்த இடத்தில், யாராவது என்டர் தட்டும்வரை நிரல் முடியக்கூடாது என்று எழுதி அனுப்பினாள். தேவசகாயம் ஓடவிட்டார். தண்ணீர் ஏறி நின்றது. படகு நிமிர்ந்து, கீறலோடு உள்ளே வந்தது. எப்போது தட்டுவது என்று தேவசகாயம் கேட்டதற்கு, கடைசிப் படகு வந்தபிறகு என்றாள்.

இப்போது சங்கத்தில் லேப்டாப் இருக்கிறது. கரண்ட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போன தை மாதம் தேவசகாயம் என்டர் தட்ட மறந்து சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடல் மதியம்வரை ததும்பியபடி நின்றது. பந்தியில் பக்கத்து இலையில் இலக்கியாவைப் பார்த்ததும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. பாயசம் வரட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருந்து, அதன்பிறகு என்டரைத் தட்டிவிடச் சொல்லிப் பாலகுமாருக்குப் போன் செய்தார்கள்.