ஆண்கள் என்று எழுதிய கதவு

கூட்டம் நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தான். நாலேகால் ஆகியும் நூலகத்தின் பின்னறையில் ஈ காக்கா இல்லை. வட்டமாகப் போட்ட எட்டு நாற்காலிகளில் ஒன்றில் லிப்ட் மெக்கானிக் மட்டும் உட்கார்ந்து தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று பயம். வந்துவிடுவார்களோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஆம்பளைகள் மனசுவிட்டுப் பேச ஒரு இடம், எந்த வயசானாலும் வரலாம் என்று அவன் ஆரம்பித்தபோது மனைவிக்குப் பெருமை பிடிபடவில்லை. "உங்களுக்கு எப்பவும் அடுத்தவன் கஷ்டம்தாங்க கண்ணுல படும்" என்றாள். அவனும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தான். அடுத்தவன் கஷ்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒன்பதாவது மாடியில் லிப்ட் கதவைத் திறந்துவைத்து, கீழே இருட்டாக இறங்கிய குழியை எட்டிப் பார்த்தபோது, ஒரு அடி எடுத்து வைத்தால்தான் என்ன என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அவனுடைய குரலேதான். அன்றிலிருந்து, விழாமல் இருக்கக் கட்டும் இடுப்புப் பெல்ட்டின் கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறான். கொக்கி விட்டுப்போகும் என்ற பயம் இல்லை. தன் கையே அதைக் கழற்றிவிடும் என்ற பயம். நாளைக்கு மறுபடியும் அதே கட்டடம். இன்றைக்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மனைவியிடம் சொல்ல வாய் வராமல்தான், முன்பின் தெரியாத ஏழு பேருக்கு நாற்காலி போட்டிருக்கிறான்.

கதவருகில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். அந்தத் தெருக்களில் அவரைத் தெரியாத வீடு கிடையாது.

"தம்பி, இதுதானே பாத்ரூம்?"

மெக்கானிக் எழுந்துபோய்க் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்தான். வயதானவர்களுக்கும் தெரியட்டும் என்று 'ஆண்கள்' என்பதை உள்ளங்கை அகலத்துக்கு எழுதிவிட்டு, 'மனம்விட்டுப் பேச' என்பதை எறும்பு ஊர்ந்தாற்போல் கீழே எழுதியிருந்தான். அசடு வழிந்தது.

"அது எதிர்ல இருக்குங்க ஐயா."

பெரியவர் போனார். போன சுருக்கில், கையில் ஒரு சொட்டு ஈரமில்லாமல் திரும்பி வந்தார். "கால் வலிக்குது, கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்றார்.

அடுத்து வந்தவன் பார்சல் கொண்டுபோகும் இளைஞன். "அண்ணே, பாத்ரூம்?" மெக்கானிக் எதிர்க் கதவைக் காட்டினான். அதன் மேல் நீலப் பலகையும் விளக்குமாக, கண்ணில்லாதவனுக்கும் தெரியும்படிதான் இருந்தது. இளைஞன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே வந்து, ஹெல்மெட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு பேரும் பாத்ரூம் தேடி வரவில்லை என்று அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது.

மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். தபால்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"நீங்களும் பாத்ரூம் தேடி வந்தவர்தானா தம்பி?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மூவரும் சிரித்துவிட்டு வீடு போய்ச் சேரலாம்.

"நாளைக்கு ஒன்பதாவது மாடியில வேலை" என்றான். "லிப்ட் குழிய எட்டிப் பாத்தா, குதிச்சிடுவேனோன்னு இருக்கு. சாகணும்னு ஆசையெல்லாம் இல்லீங்க. என்னை நெனச்சுதான் எனக்குப் பயம்."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லவில்லை. இளைஞன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான்.

"எனக்குப் பாலத்துல வருதுண்ணே" என்றான். "வண்டியில போறப்போ."

தபால்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை?"

"ஒன்பதுக்கு."

"நான் வந்துடறேன். மேல போகவேண்டாம். உங்க சூப்பர்வைசர்கிட்ட சேர்ந்தே சொல்லுவோம். எங்க போறேன்னு கேக்க எனக்கு வீட்ல ஆள் இல்ல." பிறகு இளைஞனிடம், "பாலத்த சுத்திப் போக வேற வழி இருக்கு, காட்டறேன்" என்றார்.

நாளைக் காலையை நினைத்தால் மெக்கானிக்குக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது.

கதவில் நிழல் விழுந்தது. காவலாளி உடுப்பில் ஒருவர், எதிரே இருந்த நீலப் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

"இதுதானே பாத்ரூம்?"

"ஆமா, உள்ள வாங்க" என்றார் தபால்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

இளைஞன் காலாலேயே ஒரு நாற்காலியைக் கதவுப் பக்கம் தள்ளினான். வந்தவர் கதவின் கைப்பிடியை விடாமல், அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.